குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி இரண்டும் வழக்கம்போல் நடந்தன. சாக்கடை அடைப்பு சரியாகிவிட்டது. தெருவிளக்குக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

சங்ககிரி, நாமக்கல் கோட்டைகளுக்குப் போன சுற்றுலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. "சங்ககிரிக்கு எதுக்குங்க டூர், லாரி சாமான் வாங்கவா?" என்று பொதுக்குழுவிலேயே கேட்டார்கள். லாரித் தொழில் ஊர் என்றுதான் அதைத் தெரியும். ஈரோட்டில் சேலம் ரயில் ஏறினால் ஜன்னலில் தெரிகிற மலை அது. நம்மில் பாதிப்பேர் அதில் கால் வைத்ததில்லை. செஞ்சிக்கும் ராஜஸ்தானுக்கும் போய்வந்தவர்கள்கூட!

காலையில் முதலில் அறச்சலூர் பக்கம் ஓடாநிலை. தீரன் சின்னமலையின் கோட்டையை வெள்ளைக்காரர்கள் இடித்துத் தள்ளிவிட்டதால் அங்கே இன்றைக்கு இருப்பது மணிமண்டபம்தான். அதற்கு எதற்கு ஒரு நிறுத்தம் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு மலை ஏறினால்தான், 1805 ஜூலை 31 அன்று அவரைச் சங்ககிரியில் தூக்கிலிட்டார்கள் என்பது மனதில் தைக்கும். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு விட்டுக்கொடுத்த சேலம் சீமையோடு இந்தக் கோட்டையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போனது. திப்புவின் பக்கம் நின்று போரிட்டவரை அதே கோட்டைக்குக் கொண்டுவந்து தூக்கில் போட்டிருக்கிறார்கள்.

மலை சாதாரண ஏற்றம் இல்லை. வாசல் தாண்டினால் இன்னொரு வாசல், மதில் வளைந்து வளைந்து மேலே போகிறது. முட்டிவலிக்காரர்கள் கீழேயே தங்கினார்கள். ஒரு வாசலில் நம் ஓய்வுபெற்ற ஆசிரியை நின்றுவிட்டார். கதவின் குடுமி சுழன்ற கல் குழியில் விரலை விட்டுப் பார்த்து, "எவ்வளவு வழவழப்புன்னு பாருங்க" என்று குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பக்கத்துச் சுவரில் யாரோ கரியில் எழுதியிருந்த பெயர்களை அதே குழந்தைகள் வாய்விட்டுப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம் அது.

மதியம் மகளிரணியின் அரிசிம்பருப்புச் சோறு. அப்புறம் நாமக்கல். ஒரே பாறை, உச்சியில் கோட்டை, மேற்கே நரசிம்மர், கிழக்கே அரங்கநாதர் குடைவரைகள். பாறையில் வெட்டிய படியில் ஏறி மதில் ஓரம் நின்றால் ஊர் முழுக்கக் காலடியில். கூரையில்லாமல் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரைத் தரிசித்துவிட்டுக் கிளம்பினோம்.

இனி மனத்தாங்கல். பெயர் கொடுத்தவர்களை நம்பித்தான் பெரிய பேருந்து பேசினேன். விடிகாலையில் சிலர் போனையே எடுக்கவில்லை. "உறவில் விசேஷம்" என்று முந்தின நாள் இரவு தகவல் சொன்னவர்களும் உண்டு. ஆள் குறைந்தாலும் வண்டி வாடகை குறையாது. மிச்சத்தைச் சங்க நிதியிலிருந்துதான் கட்டினோம். செயலாளர் தன் ஆசைக்குச் சங்கப் பணத்தைச் செலவழித்தார் என்று பேச்சு வந்ததால் இதைச் சொல்கிறேன். பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

வரவு செலவு தணிக்கை முடிந்து தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. சுற்றுலா ஒரு காரணம், சந்தா பாக்கி பெரிய காரணம். வீடு கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் பாக்கிதான் அதில் அதிகம். இரண்டு முறை கடிதம் போட்டும் பதில் இல்லை.

கூட்டத்துக்கு மண்டபம் தந்த கோயில் கமிட்டிக்கும், மகளிரணிக்கும், பேருந்து ஓட்டுநருக்கும் நன்றி.

வரும் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணமும் மைசூரும் போகலாம் என்று எனக்கு எண்ணம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784இல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவரில், கும்பெனிப் படையைத் தோற்கடித்த 1780 பொள்ளிலூர்ப் போர் ஓவியமாக இருக்கிறது. மர அரண்மனை 1897இல் எரிந்தபின் எழுப்பி 1912இல் முடித்த மைசூர் அரண்மனை, ஞாயிறு மாலை விளக்கொளியில் பார்க்க வேண்டிய ஒன்று. ஓர் இரவு தங்கினால்தான் நிதானமாகப் பார்க்க முடியும். செயலாளராக யார் வந்தாலும் இதை நடத்தித் தர வேண்டுகிறேன். பொறுப்பை எனக்கே கொடுத்தாலும் சரி. ஆனால் இந்த முறை முன்பணம் கட்டியவர் பெயரை மட்டுமே பட்டியலில் எழுதுவது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. சந்தா பாக்கியையும் சேர்த்து ஆடி முடிவதற்குள் பொருளாளரிடம் கட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்