லிபியாவில் யார் கணக்குச் சொன்னார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உள்நாட்டுப் போரில் மக்கள் சாகும்போது வெளிநாட்டுப் படைகள் தலையிடுவது கடமை என்று ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லிபியாவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

2011 மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1973-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. பொதுமக்களைக் காக்கத் தேவையான எல்லா நடவடிக்கைக்கும் அனுமதி. அந்நிய ஆக்கிரமிப்புப் படைக்கு மட்டும் தடை. லிபியாவை ஆண்ட கடாபியின் படை, கிளர்ச்சியாளர் வசமிருந்த பெங்காசி நகரை நெருங்கியிருந்தது, மக்களின் பயம் நிஜம். அதை நான் மறுக்கவில்லை. மேற்கு நாடுகள் குண்டு வீசின, சில நாட்களிலேயே அந்தப் படை பின்வாங்கியது. சரி, அத்தோடு குண்டுவீச்சு நின்றதா? கடாபி கொல்லப்பட்ட அக்டோபர் வரை நீடித்தது. மக்களைக் காக்கத் தொடங்கியது ஆட்சிக் கவிழ்ப்பாக நழுவிவிட்டது என்று பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவே 2016-இல் எழுதியது.

அப்புறம்? ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டு, துப்பாக்கிகள் மாலி நாடு வரை போயின. 2014-இல் மீண்டும் உள்நாட்டுப் போர். அதில் துருக்கி ஒரு பக்கம், ரஷ்யக் கூலிப்படை மறுபக்கம். 2023-இல் டெர்னா நகரில் அணைகள் உடைந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தபோது, அவற்றைப் பராமரிக்க ஒழுங்கான ஓர் அரசுகூட அங்கே இல்லை.

2011 தீர்மானத்தின் வாக்கெடுப்பில் இந்தியா உட்பட ஐந்து நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதைக் கோழைத்தனம் என்று டீக்கடையில் வாதாடியவர்களில் நானும் ஒருவன். குண்டு போட்டவர்கள் அதன்பின் எத்தனை ஆண்டு அங்கே பொறுப்பேற்க வேண்டும் என்பதையும் கட்டுரையாளர் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி