எந்த வருஷம், எந்த ஊர்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீடே சந்தோஷப்பட்டது. நாங்கள் ஷாங்காயில் மகள் வீட்டில் சௌக்கியம். குளிர்தான் தாங்க முடியவில்லை.

கீழ்வீட்டு அம்மாவைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். எழுபதைத் தாண்டியவர். பதினேழு வயதில் இங்கிருந்து ரயிலேற்றி, வடகோடியில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் ரஷ்ய எல்லையை ஒட்டிய கிராமத்துக்கு அனுப்பிவிட்டார்கள். படித்த இளைஞர்கள் கிராமத்துக்குப் போய் ஏழை விவசாயிகளிடம் பாடம் கற்க வேண்டும் என்ற மாவோவின் கட்டளை 1968 டிசம்பர் 22 அன்று மக்கள் நாளிதழில் வெளிவந்தது. மாவோ தொடங்கிய கலாசாரப் புரட்சியால் 1966 முதலே படிப்பு நின்றுபோயிருந்தது. செங்காவலர்கள் என்ற மாவோவின் மாணவர் படைகளின் ஆட்டம் ஓய்ந்த நேரம், நகரத்தில் வேலையும் இல்லை. 1980 வரை போனவர்கள் சுமார் 1.7 கோடிப் பேர். போகும்போதே நகரத்துக் குடிப்பதிவு, அதாவது அந்த ஊர்க்காரர் என்ற அரசுப் பதிவு, பறிபோனது. அந்தக் காலத்தில் அது இல்லாமல் இங்கே ரேஷன்கூடக் கிடைக்காது. நினைத்தபோது திரும்பி வர வழியே இல்லை.

அந்த மாகாணத்துக்குப் போனவர்கள் கூடுகிற விருந்துக்கு எங்களையும் அழைத்துப் போனார். பெயரைக் கேட்பதற்கு முன்னால், "எந்த வருஷம், எந்த ஊர்?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். பதில் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பஞ்சு அடைத்த கோட்டு போட்ட பெண்கள் வரிசையாக நிற்கும் பழைய புகைப்படம் ஒன்று கைமாறிக்கொண்டே இருந்தது. சோயா வயலில் களையெடுக்க ஒரு வரிசையைப் பிடித்தால் மதியம்வரை மறுமுனை வராதாம். அதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் கை தானாகவே களைக்கொத்து பிடித்த மாதிரி மடங்கியது.

எல்லோரையும் 'ஜிச்சிங்' (படித்த இளைஞர்) என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் அதற்குள் எத்தனை வித்தியாசம்! ராணுவப் பண்ணைக்குப் போனவர்களுக்கு மாதம் 32 யுவான் சம்பளம். கிராமத்தில் சேர்க்கப்பட்டவர்களுக்குச் சம்பளம் இல்லை, செய்த வேலைக்கு எழுதிவைக்கும் வேலைப் புள்ளிகள்தான். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால், தின்ற தானியத்துக்கே கட்டாமல் வீட்டிலிருந்து பணம் வரவழைத்தவர்களும் உண்டு. 1977 குளிர்காலத்தில் கல்லூரி நுழைவுத் தேர்வு மறுபடி நடந்தபோது எழுதியவர்கள் சுமார் 57 லட்சம், இடம் கிடைத்தது சுமார் 2.7 லட்சம் பேருக்கு. அப்படித் தேறிப் பேராசிரியரான ஒருவர் எங்கள் மேஜையில் இருந்தார். கீழ்வீட்டு அம்மா 1979இல் திரும்பி வந்து, சின்னப் பட்டறையில் நின்று, அப்புறம் தொழிற்சாலைக்குப் போய், தொண்ணூறுகளின் ஆட்குறைப்பில் அதையும் இழந்தவர். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர்கள் பலருக்குத் திரும்பும் வாய்ப்பே அமையவில்லை. பிற்பாடு அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் ஷாங்காய்க் குடிப்பதிவு கொடுத்தார்கள். எந்தப் பிள்ளையை அனுப்புவது, நீயே சொல்.

'எங்கள் இளமையைப் பற்றி வருத்தமில்லை' என்று மேடையில் பேனர் கட்டியிருந்தார்கள். எனக்கு நெஞ்சை அடைத்தது. அப்படிச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரே போர்வைக்குள் படுத்து, ஒருவருக்கொருவர் சோறு பகிர்ந்து பிழைத்தவர்கள். ஆனால் அதைக் காட்டி, அனுப்பியது சரிதான் என்று வேறு யாராவது பேசினால் என்னால் ஏற்க முடியாது. பதினேழு வயதுப் பெண்ணிடமிருந்து பள்ளிக்கூடத்தைப் பறித்தது பறித்ததுதான்.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. இவர்கள் பத்து வருஷத்தில் தப்பி வந்த வாழ்க்கையைத்தான் அந்தக் கிராமத்துக்காரர்கள் ஆயுள் முழுக்க வாழ்ந்தார்கள். அவர்களுக்கு நகரக் குடிப்பதிவு என்றைக்குமே இருந்ததில்லை. தங்களுக்கே போதாத தானியத்தில் இந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்தார்கள். அவர்களுக்கென்று தனிப்பெயர் கொண்ட தலைமுறை எதுவும் இல்லை, விருந்தும் இல்லை.

கோடையில் அந்தக் கிராமத்துக்குக் கும்பலாகப் போகிறார்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறார், சரி என்று சொல்லிவிட்டேன். மகளும் மொழிபெயர்க்கக் கூட வருகிறாள். அங்குள்ள வயசாளிகளிடம் என்னவெல்லாம் கேட்கலாம் என்று உனக்குத் தோன்றுவதை எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்