காது கேளாதோர் கையில் வேதத்தைக் கொடுங்கள்

வேதாகம மொழிபெயர்ப்புக் குழுவினருக்கும் சபைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புக்குரியவர்களே,

ஆராதனையில் பிரசங்கியாருக்குப் பக்கத்தில் நின்று பல வருஷமாகச் சைகையில் மொழிபெயர்த்து வருகிறேன். எனக்குக் காது கேட்கும். என்னைப் போன்றவர்கள் வேதாகமத்தைச் சைகை மொழியில் மொழிபெயர்த்து முடித்த பிறகு, காது கேளாதவர்களிடம் காட்டி ‘சரிதானே?’ என்று கேட்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். முதல் வசனத்திலிருந்து அவர்களே மொழிபெயர்க்கட்டும்.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையில்தான் இது எனக்கு உறைத்தது. எருசலேமிலிருந்து ஒருவன் எரிகோவுக்குப் போகிறான். வழியில் கள்ளர்கள் அவனை அடித்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த வழியே வரும் ஆசாரியன், அதாவது ஆலய குரு, அவனைப் பார்த்தும் விலகிப் போகிறான். நான் கையை இடமிருந்து வலமாக நகர்த்தினேன். அடிபட்டவனை வலப்பக்கம் கிடத்தினேன். அப்புறம் ஆசாரியனை வேறொரு பக்கத்திலிருந்து வரவைத்தேன். ஆராதனை முடிந்ததும் காது கேளாத பாட்டி ஒருவர் வந்து சைகையில் கேட்டார்: “ஆசாரியன் வேறு ரோட்டில்தானே வந்தான்? அடிபட்டவன் அவன் கண்ணில் எப்படிப் பட்டான்?”

எருசலேம் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எரிகோ கடல்மட்டத்துக்கும் கீழே சுமார் 250 மீட்டர். கிரேக்க மூலத்தில் அந்த மனிதனும் ‘இறங்கி’த்தான் போகிறான், ஆசாரியனும் ‘இறங்கி’த்தான் வருகிறான். பாட்டி தன் தோளுக்கு மேலே எருசலேமை வைத்தார். இடுப்புக்குக் கீழே எரிகோ. நடுவில் ஒரே சரிவு. அதில் ஒருவன் கிடக்கிறான். ஆசாரியனின் விரல்கள் அதே சரிவில் இறங்கி, தயங்கி, ஓரமாக விலகிப் போயின. அவர் முகம் விலகிப் போகிறவனின் முகமாகவே மாறியது. அத்தனை நாள் படித்தும் அந்தப் பாதையை நான் அன்றுதான் பார்த்தேன்.

‘அச்சிட்ட வேதாகமம் இருக்கிறதே, வாசிக்கட்டுமே’ என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காதில் ஒருநாளும் விழாத ஒரு மொழியின் எழுத்து அது. சைகையில் வளர்ந்தவருக்கு அது இரண்டாம் மொழி. துக்கத்தில் ஆறுதல் தேடும்போது யாரும் இரண்டாம் மொழியைத் தேடிப் போவதில்லை.

உலகில் 300க்கும் மேற்பட்ட சைகை மொழிகள் உள்ளன. முதன்முதலாக முழு வேதாகமம் கிடைத்தது அமெரிக்கச் சைகை மொழிக்கு, அதுவும் 2020இல்தான். அந்த வேலைக்கு ஏறத்தாழ 40 ஆண்டுகள் பிடித்தன. வேலை அப்படிப்பட்டது. அச்சில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிடலாம். சைகை வேதாகமமோ வீடியோவாகத்தான் இருக்கும். அதில் ஒரு சைகை தவறினால் அந்தப் பகுதியையே மறுபடி படம்பிடிக்க வேண்டும். அதனால் அவசரப்படுத்தாதீர்கள். காது கேளாத மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஊழியம் என்ற பெயரில் வெறுங்கை காட்டாமல் முறையான சம்பளம் கொடுங்கள். எபிரெயமும் கிரேக்கமும் சைகையிலேயே கற்றுக்கொடுங்கள். முடிவெடுக்கும் மேஜையில் அவர்களுக்கு இடம் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கே அவர்களை அழையுங்கள். அவர்கள் சொல்வதை உங்களுக்குக் குரலில் சொல்ல நான் வருகிறேன். எனக்கு எதுவும் தர வேண்டாம்.

அன்புடன்,
ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர்