ஹார்லெம் பூங்காவையும் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 1969-ம் ஆண்டு இசை விழாக்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். வுட்ஸ்டாக் பற்றி நன்றாகவே எழுதியிருந்தது. ஆனால் அதே கோடையில், அங்கிருந்து சுமார் நூறு மைல் தள்ளி, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் நடந்த இசை விழாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

அப்போது அந்த இடத்துக்கு மவுண்ட் மாரிஸ் பூங்கா என்று பெயர். ஜூன் 29 தொடங்கி ஆகஸ்ட் 24 வரை, ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கச்சேரி. டிக்கெட் கிடையாது. மொத்தம் மூன்று லட்சம் பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். விளக்கு போடக் காசில்லாததால், சாயங்கால வெயில் பாடுகிறவர்கள் முகத்தில் விழட்டும் என்று மேடையை மேற்குப் பார்த்து அமைத்தார்கள்.

நிலவில் மனிதன் இறங்கிய ஜூலை 20 அன்று அங்கே பாடியவர் ஸ்டீவி வொண்டர். வயது 19. கூட்டத்தில் இருந்தவர்களிடம் நிலவைப் பற்றிக் கேட்டபோது, அந்தப் பணத்தை இங்கே பசியோடு இருப்பவர்களுக்குச் செலவழித்திருக்கலாமே என்று பலர் சொன்னார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது ஒன்றேகால் வருடம்தான் ஆகியிருந்தது. அதே விழாவில் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு மிகவும் பிடித்த தேவகீதத்தைப் பாட வேண்டிய பாடகி மகாலியா ஜாக்சனுக்கு உடம்பு முடியவில்லை. பக்கத்தில் இருந்த பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸைத் துணைக்குப் பாடச் சொன்னார். ஒரே மைக்கை இருவரும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பாடியதைப் படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஜாஸ் பக்கம் மாக்ஸ் ரோச்சும் அபி லிங்கனும் வந்தார்கள். ஆகஸ்ட் 17 அன்று, அதாவது வுட்ஸ்டாக் நடந்துகொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமை, நீனா சிமோன் பாடிவிட்டுக் கையில் ஒரு தாளை எடுத்து, "நீங்கள் தயாரா?" என்று கறுப்பின மக்களைக் கேட்கும் கவிதையை வாசித்தார்.

இதையெல்லாம் ஹால் டுல்ச்சின் என்பவர் சுமார் 40 மணி நேரம் படம்பிடித்து வைத்தார். வாங்க ஆளில்லை. நாடாக்கள் ஐம்பது வருடம் நிலவறையில் கிடந்தன. அவர் 2017-ல் இறந்துபோனார். 2021-ல்தான் அது ஆவணப்படமாக வந்தது. அடுத்த ஆண்டு ஆஸ்கரும் வாங்கியது. எடுத்தவர் பார்க்கவில்லையே என்பது எனக்கு ஆறவே இல்லை.

இப்போது அது மார்கஸ் கார்வி பூங்கா. ஆகஸ்ட் கடைசியில் ஜாஸ் இசைக் கலைஞர் சார்லி பார்க்கர் பெயரில் அங்கே ஜாஸ் விழா நடக்கிறது, இன்றும் இலவசம். போன வருடம் மகளோடு போயிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா, சின்ன வயதில் அப்பாவின் தோளில் ஏறி 69 விழாவைப் பார்த்ததாகச் சொன்னார். யார் பாடினார்கள் என்று கேட்டேன். அது நினைவில்லையாம். அப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்ததும், அவர் கூடவே சத்தமாகப் பாடியதும்தான் ஞாபகம் இருக்கிறதாம். சொல்லிக்கொண்டே என் மகளுக்கு ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தார்.

அந்தப் பூங்காவுக்கும் உங்கள் இதழில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள், ஐயா. அந்த விழாவைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி,
ஜெர்சி சிட்டி, அமெரிக்கா