வாடைக்கு முதுகு காட்டிய பெட்டி

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து,
மார்கழி 5

அன்புள்ள சேகர்,

உன் பேரன் வாங்கி வந்த கினிப் பன்றிகள் இரண்டையும் முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்து வை. மீதிக் கடிதத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம். நேற்று ராத்திரி இதைச் சொல்லத்தான் இரண்டு தடவை போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. எட்டு மணிக்கே கம்பளிக்குள் போய்விடுகிற ஆள் என்பது பூண்டி விடுதியிலிருந்தே தெரிந்ததுதானே.

இங்கே எல்லோரும் சுகம். சம்பா கதிர் தலைகாட்டிவிட்டது. கார்த்திகை மழையில் தாழ்வான இரண்டு மா வயல் மூழ்கி, வடிய ஒரு வாரம் ஆயிற்று. போனது போக நின்றதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடியற்காலையில் பெருமாள் கோயில் மைக் பாட ஆரம்பித்ததும் கொல்லைத் தாழ்வாரத்தில் எங்கள் கினிப் பன்றிகள் மூன்றும் 'வீக் வீக்' என்று சேர்ந்து கத்தும். பக்தி ஒன்றுமில்லை. மைக் பாடினால் நான் எழுந்திருப்பேன், நான் எழுந்தால் புல் வரும் என்று கணக்கு.

பேத்தி பெங்களூர் போகும்போது விட்டுப்போன மூன்று: சுண்டல், பட்டாணி, பொரி. பெயர் வைத்தது அவள்தான். 'ஒரு மாசம் தாத்தா' என்றாள். இரண்டு வருடம் முடியப் போகிறது.

உன் கடிதத்தில் ஒரு வரி எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. 'மலைப் பிராணிதானே, நம்ம ஊட்டிக் குளிர் அதை என்ன செய்யும்?' என்று எழுதியிருக்கிறாய். மலைப் பிராணி என்பது சரிதான். பெரு, பொலிவியா பக்கத்து ஆண்டிஸ் மலைதான் அதற்குச் சொந்த ஊர். ஆனால் அந்த மலையில் அதை எங்கே வளர்த்தார்கள் தெரியுமா? வீட்டுச் சமையலறையில். அடுப்பு எரிகிற கதகதப்பில், தரையில் ஓடித் திரிந்து, காய்கறித் தோலைத் தின்று, கடைசியில் அந்த அடுப்புக்கே போய்ச் சேரும். அங்கே அது சாப்பாட்டுக்கு வளர்க்கிற பிராணி. ஆயிரக்கணக்கான வருடமாக அடுப்படியில் இருந்த ஒன்றை ஊட்டிப் பக்கத்துத் தலைகுந்தா உறைபனியில் விட்டுவிட்டு 'மலைப் பிராணி' என்றால் எப்படி? முயல் என்றால் வளை தோண்டிப் பதுங்கிக்கொள்ளும், இதற்கு அதுவும் தெரியாது. 18-லிருந்து 24 டிகிரி வரை இருந்தால் அதற்குச் சுகம். 15-க்குக் கீழே போனால் உள்ளே எடுத்துவிட வேண்டும். உங்கள் ஊரில் இப்போது ராத்திரி எவ்வளவு என்பதை நீயே எழுதியிருக்கிறாய், புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறதென்று.

இங்கே மார்கழியில்கூட இருபது டிகிரிக்குக் கீழே அபூர்வமாகத்தான் போகும். 'அப்புறம் உனக்கென்ன கவலை' என்பாய். நானும் அப்படித்தான் இருந்தேன், போன வருடக் கார்த்திகை வரை.

மூன்று நாள் அடைமழை. கூடவே வாடை. பெட்டி கொல்லைத் தாழ்வாரத்தில் இருந்தது. கஜா புயலில் விழுந்ததே, கிணற்றடி மாமரம், அதை அறுத்த பலகையில் நானே தட்டியது. சாரல் அடிக்கிறதே என்று நீலத் தார்ப்பாயை எடுத்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டினேன். காற்று புக ஒரு பொட்டு இடைவெளி விடவில்லை. பெரிய காரியம் செய்த திருப்தியோடு படுத்தேன். புல் போட மட்டும் ஒரு ஓரத்தைத் தூக்கிக் கையை விடுவேன். மூன்றாம் நாள் மழை விட்டதும் தார்ப்பாயை முழுசாக அவிழ்த்தபோது மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. தார்ப்பாயின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். மழைத் தண்ணீர் இல்லை, அதுகள் விட்ட மூச்சுதான். கீழே போட்டிருந்த வைக்கோலைக் கையில் எடுத்தால் பிழியலாம் போல இருந்தது. மற்ற இரண்டும் புல்லுக்கு ஓடி வந்தன. பொரி மட்டும் மூலையில் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு பந்து மாதிரி உட்கார்ந்திருந்தது. மூக்கில் காய்ந்த சளி. காதோரம் வைத்துக் கேட்டால் மூச்சோடு 'கிறுக் கிறுக்' என்றொரு சத்தம்.

குளிர் வராமல் அடைக்கிறேன் என்று ஈரத்தை உள்ளே பூட்டியிருக்கிறேன். இங்கே அதைக் கெடுத்தது குளிரில்லை. ஈரமும் மூத்திர நெடியும்தான்.

அதோடு நின்றதா? பேத்திக்குச் சளி பிடித்தபோது வாங்கின அமாக்சிசிலின் சிரப், தண்ணீர் கலக்காத பாட்டில் ஒன்று அலமாரியில் கிடந்தது. குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதானே, இரண்டு சொட்டு விடலாம் என்று மூடியைத் திறந்துவிட்டேன். என் வீட்டுக்காரிதான் 'எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேளுங்களேன்' என்றாள். தெரிந்த கால்நடை டாக்டருக்குப் போன் போட்டால் மனிதர் பதறிவிட்டார். பென்சிலின், அமாக்சிசிலின் வகையெல்லாம் இதற்கு விஷமாம். குடலில் இருக்கிற நல்ல கிருமியைக் கொன்றுவிட, கெட்டது பெருகி, இரண்டு மூன்று நாளில் ஆளையே முடித்துவிடுமாம். இதை உன் வீட்டு அலமாரிக் கதவில் எழுதி ஒட்டு. பேரன் அம்மாவிடமும் சொல்.

பொரி பிழைத்தது. டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். ஆனால் அது தானாகத் தின்னவில்லை. இதற்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரைநாள் பட்டினி கிடந்தாலே ஆபத்து. தீவனத்தை ஊறவைத்துக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கடைவாய் வழியாக ஊட்டினோம், ராத்திரியிலும். பதினோரு நாள். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்தோம். 860 கிராம் இருந்தது 710 வரை இறங்கி அப்புறம் ஏற ஆரம்பித்தது. சளி காதுக்குள் போய்விட்டதால் தலை ஒரு பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. இன்றைக்கும் நான் போனால் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் பார்க்கும், 'என்ன சொன்னீங்க, காது கேக்கல' என்கிற மாதிரி.

அதற்கப்புறம் பெட்டியையே மாற்றிவிட்டேன். முதலில் திசை. வாடை வடக்கிலிருந்து வருகிறது, பெட்டியின் வாசல் கிழக்கே பார்த்து இருந்தது. இப்போது முதுகை வடக்கே காட்டித் தெற்கே பார்க்க வைத்திருக்கிறேன். நம் வீட்டுத் திண்ணையில் கிழவிகள் எங்கே உட்காருவார்களோ அந்தப் பக்கம். காலுக்கு நாலு செங்கல், தரை ஈரம் ஏறாது. தார்ப்பாய் மேலேயும் முதுகிலும் மட்டும். முன்பக்கம் சாக்குத் திரை, அதுவும் மேலே ஒரு சாண் விட்டுத்தான் தொங்கும். காற்று உடம்பில் படக்கூடாது, தலைக்கு மேலே போய்வர வேண்டும். உள்ளே தூங்க ஒரு சின்ன அறை. அதைப் பெரிதாகச் செய்யாதே, மூன்றும் நெருக்கியடித்துப் படுத்தால் அதுகளின் உடம்புச் சூடே அறையைக் காயவைத்துவிடும். ஒற்றையாக வளர்க்காதே என்று சொல்வது துணைக்காக மட்டும் இல்லை. சுவிட்சர்லாந்தில் 2008-லேயே ஒற்றையாக வளர்க்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். உன்னிடம் இருப்பது இரண்டும் பெட்டைதானா என்பதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள். கடைக்காரர் சொன்னார் என்று இருந்துவிட்டால் இரண்டு மாசத்தில் ஐந்தாகிவிடும்.

வைக்கோலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குக் கை அரிக்கும். குறுவை வைக்கோல் ஆகவே ஆகாது. புரட்டாசி ஐப்பசியில் அறுக்கும்போதே மழை, மெஷின் அறுத்துப் போட்டது வயலிலேயே நனைந்து கறுத்துப்போகும். தட்டினால் புகை மாதிரி தூசி பறக்கும், அத்தனையும் பூஞ்சைப் பொடி. மாடே முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், இத்தனூண்டு மூக்கு என்ன செய்யும்? நான் எடுப்பது போன தை மாசத்துச் சம்பா வைக்கோல். அதிலும் போரின் மேலாப்பு இல்லை. மேலே ஒரு முழம் மழை குடித்துச் சாம்பல் நிறமாகியிருக்கும். அதற்கும் உள்ளே கையை விட்டு இழுத்தால் மஞ்சளாக, மொறுமொறுவென்று, களத்து வாசனையோடு வரும். அதன் தாள்முனை ஈட்டி மாதிரி இருப்பதால் அப்படியே போடக்கூடாது. இதற்குக் கண் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், பட்டாணிக்கு ஒருதரம் குத்திக் கண் கலங்கிப் பால் நிறமாகிவிட்டது. காலால் நன்றாக மிதித்துத் துவட்டி, அடிமுனையைக் கிள்ளிவிட்டு ஒரு முழ உயரம் அடைத்துவிடுவேன். அதுகளே குடைந்து உள்ளே வழி செய்துகொள்ளும். சாயங்காலம் கையை அடிவரை விட்டுப் பார்ப்பேன். விரல் ஈரமாக வந்தால் மொத்தமும் எருக்குழிக்கு.

வைக்கோல் படுக்கத்தான். தின்பதற்குப் புல் வேண்டும். காய்ந்த அறுகம்புல் பெட்டியில் எந்நேரமும் இருக்கும். பல் வளர்ந்துகொண்டே இருக்கிற பிராணி, அரைத்துக்கொண்டே இருந்தாக வேண்டும். சம்பா நேரத்தில் வரப்புப் புல்லை மட்டும் அறுப்பதில்லை, யார் வயலில் என்ன மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? கோயில் குளத்துக் கரையில் அறுத்துக் காயப்போடுகிறேன்.

பத்திரம் என்றால் இங்கே கீரியும் பெருச்சாளியும்தான். மழைக்காலத்தில் வளையெல்லாம் தண்ணீர் புகுந்துவிட்டால் சாரை வேறு வீட்டுப்பக்கம் ஏறி வரும். கோழிவலை ஒன்றுக்கும் ஆகாது. நாய் பல்லால் இழுத்தால் பிய்ந்துவிடும், குட்டிப் பாம்பு நோகாமல் நுழையும். அரை அங்குல வெல்டு மெஷ் அடித்து, கொக்கிக்குப் பதில் தாழ்ப்பாள் போட்டேன். கொக்கியைப் பூனை தட்டித் தட்டியே எடுத்துவிடுகிறது, என் கண்ணால் பார்த்தேன். உங்கள் ஊரில் சிறுத்தை வந்து நாயையே தூக்கிக்கொண்டு போகிறது. அதற்கு நான் என்ன தாழ்ப்பாள் சொல்லட்டும்? உள்ளே வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே என்றால் அடுப்புப் பக்கத்தில் இல்லை. புகை இல்லாத, ஜன்னல் காற்று நேராக அடிக்காத ஒரு மூலை. நீ எழுதியிருக்கிற பழைய முயல் கூண்டின் தரை கம்பிவலை என்றால் அதன் மேல் பலகை போடு, இதன் பாதத்தில் மயிர் கிடையாது, புண்ணாகிவிடும். ராத்திரிக்குக் கண்ணாடி பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, பழைய வேட்டியில் நாலு சுற்றுச் சுற்றிப் படுக்கையின் ஒரு ஓரத்தில் வை. ஒரு ஓரத்தில் மட்டும், சூடு வேண்டாமென்றால் தள்ளிப் படுக்க இடம் வேண்டும். ரப்பர் பையைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். கோழிக்குஞ்சுக்குப் போடுகிற பல்பு வேண்டாம், பக்கத்திலேயே வைக்கோல் இருக்கிறது. கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற வேலை வேண்டவே வேண்டாம். அதன் விஷவாயுவில் மனிதர்களே தூக்கத்தில் போயிருக்கிறார்கள், மலையில் இருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒருவேளை குளிரில் சுருண்டு, காதும் காலும் ஜில்லென்று கிடந்தால் தீயில் காட்டாதே. துணியில் சுற்றி உன் வயிற்றோடு சட்டைக்குள் வைத்துக்கொண்டு அப்படியே டாக்டரிடம் போ.

அப்புறம் அந்தக் கேரட். தினமும் இரண்டு முழுக் கேரட் போடுவதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். ஊட்டிக் கேரட் என்றால் ஊரே சப்புக்கொட்டும், அது வேறு. இதற்கு அது மிட்டாய் மாதிரி. நம்மைப் போலவே இதுவும் விட்டமின் சி-யைத் தன் உடம்பில் செய்துகொள்ளாது, தினமும் 10-லிருந்து 30 மில்லிகிராம் வெளியிலிருந்து போக வேண்டும். கேரட்டில் அது சொற்பம். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஒரு சின்னத் துண்டு போதும். கொத்தமல்லித் தழை, குடைமிளகாய் ஒரு கீற்று, இதெல்லாம் கொடு. நெல்லிக்காயைப் பொரி முகர்ந்துவிட்டுத் தலையை இன்னும் கொஞ்சம் சாய்க்கும், அவ்வளவுதான். முட்டைக்கோஸ் வயிறு ஊதும். உருளைக்கிழங்குச் செடி, முளை பக்கமே விடாதே, உன் தோட்டத்தில் அதுதானே இருக்கிறது.

வருகிற வாரம் இங்கிருந்து பையன் ஒருவன் ஊட்டிக்கு வருகிறான். ஒரு சாக்குச் சம்பா வைக்கோல், மிதித்து முனை கிள்ளினது, கொடுத்து அனுப்புகிறேன். திரும்பி வரும்போது வெறும் சாக்காக வரவேண்டாம், கொஞ்சம் வர்க்கி போட்டு அனுப்பு. இவள் கேட்கச் சொன்னாள் என்று எழுதலாம், ஆனால் கேட்பது நான்தான்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல். பேரனிடம் இரண்டுக்கும் என்ன பெயர் வைத்தான் என்று கேட்டு எழுது. நாலு பக்கத்தில் நீ அதை எழுதவே இல்லை.

உன்
முத்து

பி.கு.: படித்து முடித்ததும் போன் பண்ணு. உள்ளே வைத்தாயா இல்லையா என்று தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.