இடிக்கும் முன் சுவரைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நகர மையத்துப் பழைய கட்டடங்களை இடித்து அலுவலகக் கோபுரம் எழுப்ப அனுமதி கேட்கும்போது, 'உறுதித்தன்மை இல்லை' என்ற சான்றிதழ்தான் முதலில் நீட்டப்படுகிறது. விரிசல், உதிர்ந்த பூச்சு, ஒழுகும் கூரை எனச் சில புகைப்படங்களை வைத்து எழுதியதை ஆய்வாக ஏற்கவே கூடாது.

விரிசல் இருக்கிறதா என்பதைவிட, அது இன்னும் விரிகிறதா என்பதே கேள்வி. குறுக்கே அளவுகோல் பட்டை ஒட்டி, மழை, வெயில் இரண்டும் வந்துபோகும் ஓராண்டுக்குக் குறித்துவர வேண்டும். அசையாத விரிசல் பெரும்பாலும் அடித்தளம் அமர்ந்த காலத்தில் விழுந்தது; சுண்ணாம்புக் கரைசலைச் செலுத்தி அடைத்துவிடலாம். சுவர் வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தால் மட்டும் காத்திருக்காமல் முட்டுக் கொடுக்க வேண்டும். மர உத்தரத்தில் முதலில் உளுப்பது சுவருக்குள் புதைந்து காற்றுப் படாமல் கிடக்கும் முனை. சுத்தியலால் தட்டினால் ஓசையே சொல்லிவிடும். அந்த முனையை அறுத்தெடுத்து, புது மரத்தை எஃகுத் தகடும் போல்ட்டும் வைத்து இணைக்கலாம்.

பூச்சு உதிர்வதற்குப் பல இடங்களில் காரணம் முதுமை அல்ல, சிமென்ட். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே பெயர்த்துவிடுகிறது. ஒழுகும் குழாயை முதலில் சரிசெய்து, சிமென்டை உரித்து, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரையை மெல்லிய பூச்சுகளாகப் பூச வேண்டும்.

பெரிய ஆபத்து பக்கத்து மனையிலிருந்து வருகிறது. கோபுரத்துக்காக ஆழமாகத் தோண்டி நிலத்தடி நீரை இறைக்கும்போது சுற்றியுள்ள மண் அமர்கிறது. ஆழமில்லாத அடித்தளத்தில் நிற்கும் பழைய கட்டடம் விரிசல் விடுகிறது. பிறகு அந்த விரிசலே அதையும் இடிக்க ஆதாரமாகிறது! தோண்டும் முன் அண்டைக் கட்டடங்களின் நிலையைப் பதிவுசெய்வதும், வேலை முடியும்வரை அளந்துவருவதும் அனுமதிக்கு நிபந்தனையாக வேண்டும்.

இடிக்க அனுமதி கிடைக்காவிட்டால் மனை உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பு உண்மையானது. அதற்கும் வழி உண்டு. நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கியபோது தடுக்கச் சட்டம் இல்லை; 1965-ல்தான் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் கோபுரம் கட்ட நகரம் அனுமதி மறுத்தது செல்லும் என்று 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயன்படுத்தாத கட்டுமான உரிமையை, அதாவது அந்த இடத்தில் கட்டாமல் விட்ட மாடிகளைக் கட்டும் உரிமையை, அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் அத்தீர்ப்பு கணக்கில் எடுத்தது.

ஓராண்டு விரிசல் பதிவு, உத்தர முனைச் சோதனை, சீரமைப்புச் செலவு மதிப்பீடு ஆகிய மூன்றும் இணைக்கப்படாத இடிப்பு விண்ணப்பங்களை அதிகாரிகள் திருப்பி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
பழைய கட்டடச் சீரமைப்புப் பொறியாளர்கள்