செவ்வாய்க்கிழமை போட்டோ

தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது பழசுதான். அப்புத்தளையில் ஒரு வாரமாகப் பகலிலேயே மூடுபனி ஏறிவிடுகிறது.

நீ சைக்கிளோடு நிற்கிற போட்டோவைப் பாப்பா காட்டினாள். பின்னால் ஒரு மரம்கூட இல்லை. ஓமானில் ஹஜர் மலைக் கணவாய், ஏற்றமே தெரியாத சரளை ரோடு என்று எழுதியிருந்தாயாம். தெரியாத ஏற்றம்தான் ஆளைச் சாய்க்கும், தம்பி. செங்குத்து என்றால் இறங்கித் தள்ளுவோம், நிற்கிறபோது ஒரு வாய் தண்ணி குடிப்போம். இதில் மிதித்துக்கொண்டே போவாய். அந்த வறண்ட காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடும், எவ்வளவு போனது என்று உடம்புக்கே தெரியாது. தண்ணி நிறைய எடுத்துக்கொள்.

வாகனம் ஓடி ஓடி ரோடு வரி வரியாக இருக்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் கை விறைக்காது. வாதி என்கிறார்களே, அந்தக் காய்ந்த ஆற்றில் நிழல் இருக்கிறதென்று படுத்துவிடாதே. எங்கோ மலையில் பெய்த மழை, நீ வெயிலில் இருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும்.

தேயிலை ஸ்டோர் வாசலில் நாலு பேரிடம் காட்டினேன். தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை பாலைவனத்து மலையைத் தாண்டுகிறான் என்றேன். மூன்று வாரமாக நீ எங்களுக்கு ஒரு போன் கோல் எடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அங்கேயும் இங்கேயும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம்.

போட்டோவில் தேதி இருந்தது. செவ்வாய்க்கிழமை. உனக்கு லீவு வெள்ளி, சனி. சரி, லீவு போட்டிருப்பாய்.

தண்ணியை மறக்காதே.

நீ நாலாம் வகுப்புப் படிக்கும்போது என்னை ஸ்டோரிலிருந்து நிறுத்தினார்கள். உனக்குத் தெரியாது. பிழை என்மேல்தான், தேயிலை காயவைக்கிற ட்ரையர் பக்கத்தில் கண்ணயர்ந்துவிட்டேன், தூள் தீய்ந்துபோனது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. காலையில் வழக்கம்போல் சைக்கிளை எடுப்பேன், அம்மா ரொட்டியும் சம்பலும் கட்டித் தருவாள். லிப்டன் சீட் மலைக்குப் போகிற ரோட்டில் மேலே வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், ஒரு வளைவில் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் வேலை விட்டு வருகிறவன் மாதிரி இறங்குவேன். சம்பள நாள் வந்தால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவே மாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு நாள் பையைப் பிரித்தால் ரொட்டிக்குப் பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணி. ஸ்டோரில்தான் குழாய் இருக்கிறதே. அத்தனை வருடத்தில் அவள் எனக்குத் தண்ணி கட்டித் தந்ததே இல்லை.

அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் போத்தலைக் கழுவி அடுப்படியில் வைத்தேன். மறுநாளும் நிரப்பி வைத்திருந்தாள்.

இந்த மாதம் காசு அனுப்ப வேண்டாம், பாப்பாவின் கிளாஸ் காசு கட்டியாயிற்று. அம்மா இரவு ஒன்பது வரை முழித்திருப்பாள். வெள்ளிக்கிழமை வரட்டும் என்று இருக்காதே, எந்தக் கிழமையானாலும் எடு.

அப்பா